ஒரு பக்க மூக்கடைப்பும் மரத்தூளும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் மூக்கடைப்புக்கெல்லாம் யாரும் லீவு போடுவதில்லை. "சைனஸ்தான்" என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அது சைனஸாகவே இருக்கும். மூக்கு, சைனஸ் பகுதியில் வரும் புற்றுக்கட்டிகள் அபூர்வமானவை. ஆனால் சளித்தொல்லை வேஷத்தில் வருவதால், மாதக்கணக்கில் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

சளியும் அலர்ஜியும் இரண்டு பக்கமும் அடைக்கும், மாறி மாறி விடும். கட்டி அப்படி இடம் மாறாது. அடைத்த பக்கமே ரத்தம் கசியும், கண்ணில் நீர் வடியும், கன்னம் மரத்துப்போகும். மேல்பல் ஆடுகிறதென்று பல் டாக்டரிடம் போய், கன்னத்துச் சைனஸில் கட்டி தெரியவந்தவர்களும் உண்டு.

மூக்கை மரத்துப்போகச் செய்து, 4 மி.மீ. எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டால் பாதி சந்தேகம் தீரும். பாலிப் எனப்படும் சாதாரணச் சதை வளர்ச்சி நுங்கு போல வெளிறியிருக்கும். சிவந்து, தொட்டாலே ரத்தம் வந்தால் யோசிக்க வேண்டும். குளத்தில் குளிப்பவர்களுக்கு வரும் ரைனோஸ்போரிடியோசிஸும் அப்படித்தான் ரத்தம் கசியும், அது புற்றல்ல. எதுவானாலும் ஸ்கேனுக்கு முன் கிள்ளி எடுக்கக் கூடாது. பதின்வயதுப் பையன்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா கட்டியைக் கிள்ளினால் ரத்தம் கொட்டும். ஸ்கேனுக்குப் பிறகே பயாப்சி. அதிலும் பல கட்டிகள் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரிவதால், தனிச் சாயப் பரிசோதனை செய்துதான் எந்த வகை என்று பிரிக்கிறார்கள்.

இந்தக் கட்டிக்கு ஒரு காரணம் மரத்தூள். இங்கிலாந்தின் ஹை வைகோம்ப், நாற்காலிக்குப் பேர்போன ஊர். அங்கே மூக்குப் புற்றோடு வந்தவர்களில் மரவேலைக்காரர்கள் அதிகம் என்பதைக் கவனித்தவர்களில் ஒருவர் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹேட்ஃபீல்ட். அவரும் சக ஆய்வாளர்களும் 1968-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்றே அறிவித்தது. தூளைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கட்டி தலைகாட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற இளைஞர் ஐம்பது வயதில் மூக்கில் ரத்தம் வரும்போது பழைய பட்டறையை நினைப்பாரா? 10 பேருக்குக் குறைவான பட்டறை என்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யும் கிடையாது.

ஒரே பக்கம் அடைப்போ ரத்தக்கசிவோ மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், எத்தனை வருடம் மரத்தூளிலோ தோல் தூசியிலோ வேலை பார்த்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.