கையில் ஒரு கையேடு

அறிவியல் பயிலும் மாணவனுக்குத் தராசும் நுண்ணோக்கியும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவையாகிவிட்டது இன்று எடிட்டர் என்னும் செயலி. கடிதத்துக்கும் கட்டுரைக்கும் அழகு சேர்க்கும் செயலி அன்று அது. நிரலையும் தரவையும் உள்ளது உள்ளபடி எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவி. நம்முடைய கணக்குகள் துறையின் பெரிய கணிப்பொறியில் ஓடுகின்றன. விடுதி அறையிலிருந்து அதனுள் நுழைந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு கருந்திரையும், அதில் மினுக்கும் ஒரு சிறு கட்டமும்தான். அங்கே விம், ஈமாக்ஸ், நானோ என்னும் எடிட்டர்களில் ஒன்றோடு பழகியே தீரவேண்டும்.

பழகுவதற்குக் கையேடு வேண்டும். அச்சிட்டு மேசைமேல் வைத்துக்கொள்ளத் தக்க கையேடு எங்கே கிடைக்கும் என்று மன்றத்துக்குப் புதிதாக வரும் தம்பியரும் தங்கையரும் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைக் காட்டிலும் இதழில் எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

எல்லாம் திரையிலேயே இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. விம்மில் உதவிப் பக்கத்தைத் திறந்தால் திரை இரண்டாகப் பிளக்கிறது. மேலே உதவி, கீழே நம் வேலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது எப்படி, திறந்த உதவியை மூடுவது எப்படி என்பதே புதியவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள உதவிப் பக்கத்தைத்தான் படிக்கவேண்டும்! நீச்சல் கற்பிக்கும் நூலைக் குளத்தின் நடுவிலே வைத்தது போன்ற நிலைமை இது. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியைப் பத்து இலட்சம் முறைக்கு மேல் மக்கள் வந்து பார்த்ததாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2017-இல் அறிவித்தது. உலகமே அந்தக் குளத்தில் தத்தளித்திருக்கிறது என்று தெரிந்தால் நமக்குக் கூச்சம் குறையும்.

இன்னொரு காரணம் நமக்கே உரியது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் பயின்றவன். இந்த வடநாட்டுப் பல்கலைக் கழகத்துக்கு வந்தபோது பாடத்து ஆங்கிலம் ஒருவாறு புரிந்தது; கையேட்டு ஆங்கிலம் புரியவில்லை. அதில் ஒவ்வொரு சொல்லும் தனிப் பொருள் கொண்டது. 'பஃபர்' என்பது வேதியியலில் ஒன்று, விம்மில் வேறொன்று. திரையில் படித்தால் கண் ஓடுகிறது, கருத்து பின்தங்குகிறது. தாளில் படித்தாலோ பென்சிலை எடுத்து ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். 'பஃபர்: நினைவகத்தில் இருக்கும் படி; வட்டில் இருக்கும் கோப்பு அன்று' என்று நான் எழுதிவைத்த ஒரு வரி, எனக்குப் பாதி விம்மைக் கற்பித்துவிட்டது. எழுத்தை மாற்றியவுடன் கோப்பும் மாறிவிடுவதில்லை, எழுதிச் சேமித்தால்தான் மாறும் என்னும் உண்மை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

சரி, எதை அச்சிடுவது? வலையில் தேடினால் ஒரு பக்கச் சுருக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிகின்றன. வண்ணம் வண்ணமாக விசைப்பலகைப் படம் போட்டிருப்பார்கள். சுவரில் ஒட்ட அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஏன், எப்போது என்பது அவற்றில் இராது. இரண்டு எடிட்டர்களின் சுருக்கங்களைக் கலந்து வைத்துக்கொண்டவர் பாடு இன்னும் திண்டாட்டம். 'யாங்க்' என்னும் சொல்லையே பாருங்கள். விம்மில் அதற்குப் படி எடுத்தல் என்று பொருள். ஈமாக்ஸில் அதே சொல்லுக்கு, எடுத்து வைத்ததை ஒட்டுதல் என்று பொருள். நேர் எதிர்!

பழைமை என்னும் குறையும் உண்டு. ஸ்டீவ் ஔவலைன் என்பவர் விம்மைப் பற்றி எழுதிய நூல் 2001-இல் வெளிவந்தது. திறந்த உரிமத்தில் வந்ததால் இன்றும் வலையில் முழுமையாகக் கிடைக்கிறது. நல்ல நூல்தான், விம்மோடு வரும் கையேட்டின் சில பகுதிகளே அதிலிருந்து எடுக்கப்பட்டவை. எனினும் அது 6-ஆம் பதிப்புக்கு முந்தைய விம்மைச் சொல்வது. 2006-இல் 7-ஆம் பதிப்போடு வந்த எழுத்துப்பிழை திருத்தம் அதில் இல்லை. கோப்பை மூடித் திறந்த பின்னும் பழைய மாற்றங்களைத் திருப்பும் வசதி 2010-இல் வந்தது, அதுவும் இல்லை. அச்சகத்தில் பணம் கொடுத்து இதனை முழுவதும் எடுப்பது வீண் செலவு.

தேடிப்போக வேண்டியதே இல்லை என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. உண்மையான கையேடு எடிட்டரோடு கூடவே வருகிறது. உங்கள் பதிப்புக்குப் பொருந்துவதும் அதுவே.

விம்மை முதலில் எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாட்டினரான பிராம் மோலினார் இதை 1991-இல் வெளியிட்டார். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறையும் வரை அவரே இதனை வளர்த்து வந்தார். செயலிக்கு விலை கேட்காமல், உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டவர் அவர். விம்மைத் திறந்தவுடன் தோன்றும் முகப்பு வரிகளில் அந்த வேண்டுகோளைக் காணலாம். அவர் கையேட்டை இரண்டாகப் பிரித்து வைத்தார். ஒன்று பயனர் கையேடு. முதலிலிருந்து இறுதிவரை கதைபோலப் படிக்கத் தக்கது. மற்றொன்று மேற்கோள் கையேடு. ஒவ்வொரு கட்டளையையும் துல்லியமாக வரையறுப்பது. புதியவர் பலரும் பெயரைப் பார்த்து இரண்டாவதை அச்சிடுகிறார்கள். அது வேண்டாம் என்பேன். திரையில் ஒரு சொல்லின்மீது நின்று அடுத்த இடத்துக்குத் தாவும்படி எழுதப்பட்டது அது. தாளில் தாவ முடியாது. அகராதியை உரைநடையாகப் படித்த களைப்புத்தான் மிஞ்சும்.

பயனர் கையேட்டை அச்சிடுங்கள். முக்காற்புள்ளி இட்டு, 'எக்கோ' என்று எழுதி, இடம் விட்டு, டாலர் குறியும் அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் 'விம்ரன்டைம்' என்பதும் அடித்தால், கோப்புகள் இருக்கும் இடத்தை விம்மே சொல்லும். அங்கே 'டாக்' என்னும் அடைவுக்குள் யு-எஸ்-ஆர் என்று தொடங்கும் கோப்புகளே பயனர் கையேட்டின் அத்தியாயங்கள். எல்லாம் எளிய எழுத்துக் கோப்புகள். ஓர் அத்தியாயத்தை விம்மிலேயே திறந்து, முக்காற்புள்ளியும் 'ஹார்ட்காப்பி' என்னும் சொல்லும் பெரியது என்னும் குறியும் ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று உருவாகும். பக்க எண்ணும் தலைப்பில் தானே அமையும். அதைப் பி.டி.எஃப். ஆக்கி அச்சகத்துக்கு எடுத்துச் செல்லலாம். நியோவிம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டளை கிடையாது, அதில் நீக்கிவிட்டார்கள். அவர்கள் கோப்பை லிப்ரே ஆஃபீஸில் திறந்து அச்சிடலாம். அப்போது எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் கோடுகளால் வரைந்த படங்கள் குலைந்துபோகும்.

உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அவற்றில் முதலில் இருப்பது பெரும்பாலும் 'விம்-டைனி' என்னும் சிறு விம். அதோடு கையேடு வராது. உதவி கேட்டால் இல்லை என்று சொல்லும். முழு விம்மை நிறுவினால் கையேடும் வந்து சேரும்.

எல்லா அத்தியாயங்களும் வேண்டுமா? முதல் 12 அத்தியாயங்கள் போதும். அவற்றிலும் ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் 11-ஆம் அத்தியாயத்தை எடுங்கள். வேலை நடுவில் அறுந்துபோனால் மீட்பது எப்படி என்பதைச் சொல்வது அது.

சென்ற ஆண்டு நம் விடுதித் தம்பி ஒருவன் இரவெல்லாம் உட்கார்ந்து கணக்கின் உள்ளீட்டுக் கோப்பை எழுதிக்கொண்டிருந்தான். விடியும் வேளையில் இணைப்பு அறுந்தது. அவன் கடைசியாகச் சேமித்தது நள்ளிரவில். காலையில் கோப்பைத் திறந்தால் திரை நிறைய எச்சரிக்கை! 'ஸ்வாப்' கோப்பு ஒன்று கிடக்கிறது, என்ன செய்யட்டும் என்று விம் கேட்கிறது. திறக்கலாம், மீட்கலாம், அழிக்கலாம், வெளியேறலாம் என்று வரிசை. தம்பி பயந்துபோய், தொல்லை ஒழியட்டும் என்று 'அழி' என்பதற்கான எழுத்தின்மேல் விரலை வைத்துவிட்டான். அவனுடைய அறைத் தோழர் மேசைமேலிருந்த 11-ஆம் அத்தியாயத்தைப் புரட்டி, "கொஞ்சம் பொறுடா, அதுக்குள்ளதான் உன் ராத்திரி வேலை எல்லாம் இருக்கு" என்றார். உண்மைதான். விம் 200 எழுத்துகளுக்கு ஒரு முறையோ, நாம் 4 வினாடி கை ஓய்ந்தாலோ, நடந்த மாற்றங்களை அந்தக் கோப்பில் எழுதி வைக்கிறது. மீட்டெடுத்து, வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஸ்வாப் கோப்பை அழிக்கவேண்டும் என்கிறது கையேடு. அப்படியே செய்தார்கள். கடைசி வரி ஒன்று மட்டும் குறைந்தது. அன்று மாலை வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்ட வேண்டிய கணக்கு அது.

ஈமாக்ஸின் கதை வேறு. அதன் கையேடு முதலிலிருந்தே தாளையும் திரையையும் ஒருங்கே எண்ணி எழுதப்பட்டது. டெக்ஸின்ஃபோ என்னும் முறையில் ஒரே மூலத்திலிருந்து அச்சு நூலும் திரை நூலும் பிறக்கின்றன. திரையில் தாவுகின்ற இடத்தில், தாளில் இன்ன பக்கம் காண்க என்று எண் வந்துவிடுகிறது. இறுதியில் சொல்லடைவும் இருக்கிறது. குனூ திட்டத்தின் தளத்தில் பி.டி.எஃப். ஆகவே கிடைக்கும். 600 பக்கங்களுக்கு மேல் போகும் பெருநூல் ஆகையால், நம் உதவித்தொகைக்கு அது தாங்காது. ஈமாக்ஸோடு வரும் 'ரெஃப்கார்டு' என்னும் அட்டையை ஒரு தாளின் இரு புறமும் அச்சிட்டு மூன்றாக மடித்து வைத்துக்கொண்டால் நாள்தோறும் உதவும். செக், செருமன், பிரெஞ்சு, உருசிய மொழிகளிலும் அந்த அட்டை உண்டு. தமிழில் நான் கண்டதில்லை. ஆனால் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தி, பிறகு எச்சை மட்டும் அழுத்திப் பாருங்கள். உலக மொழிகளில் வாழ்த்துச் சொல்லும் பக்கம் ஒன்று விரியும். அதில் நம் 'வணக்கம்' இருக்கிறது.

டெபியனில் ஈமாக்ஸை நிறுவினால் கையேடு உடன் வராது என்பதையும் சொல்லவேண்டும். மாற்றக் கூடாத பகுதிகள் சில அதில் உள்ளமையால், அது தம் கொள்கைக்கு ஒவ்வாது என்று டெபியன்காரர்கள் தனித் தொகுப்பில் ஒதுக்கி வைத்தார்கள். விடுதலைக்காகப் பாடுபடும் இரு சாராரின் பிணக்கில் நடுவே நிற்பவன் மாணவன்!

அச்சிட உரிமை உண்டா என்று ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. விம் கையேடு திறந்த பதிப்பு உரிமத்திலும், ஈமாக்ஸ் கையேடு குனூ ஆவண உரிமத்திலும் வெளிவந்தவை. உரிம அறிவிப்போடு நாம் தாராளமாகப் படி எடுக்கலாம், நண்பர்களுக்கும் கொடுக்கலாம். 100 படிகளுக்கு மேல் அச்சிட்டால் அட்டையில் இன்ன வாசகம் இருக்கவேண்டும் என்று குனூ உரிமம் விதிக்கிறது. நம் மன்றத்தில் அத்தனை பேர் சேர்ந்தால் அதைப் பற்றி அப்போது பார்த்துக்கொள்வோம்.

நானோவுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அதன் விசைகள் திரையின் அடியிலேயே எழுதியிருக்கின்றன. வேண்டுமானால் கண்ட்ரோலும் ஜீயும் அழுத்தி முழு உதவியைப் பார்க்கலாம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள், ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று சிக்கனம் பார்க்கவேண்டாம். எழுத்து சிறுத்துவிடும், ஓரத்தில் எழுத இடமும் இராது. இரு புறமும் அச்சிட்டு, இடப்பக்கம் தாராளமாக ஓரம் விட்டு, சுருள் கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். விசைப்பலகைக்குப் பக்கத்தில் தட்டையாக விரிந்து கிடக்கும். முதல் தாளில் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்; துறைக் கணிப்பொறியில் முக்காற்புள்ளியோடு 'வெர்ஷன்' என்று அடித்தால் அது தெரியும்.

விம் பயனர் கையேட்டின் 12 அத்தியாயங்களும், ஈமாக்ஸ் அட்டைகள் ஐந்தும் மன்ற அறையின் அலமாரியில் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறேன். விம் கையேட்டில் 7-ஆம் அத்தியாயம் வரை ஓரங்களில் தமிழ்க் குறிப்பு இருக்கிறது. அதன் பிறகு உள்ள ஓரங்கள் வெறுமையாக இருக்கின்றன. எடுத்துப் படிப்பவர்கள் பென்சிலால் எழுதலாம்.