கணிப்பொறிகளிடையே கைமாறும் கோப்புகள்

எழுதுபவர் ஒருவர், அதனைப் படித்துச் செயற்படுபவர் மற்றொருவர் என்னும் நிலையில், எழுதி முடிந்தது என்பதை அறிவிக்கும் முறை ஒன்று இன்றியமையாதது. வெவ்வேறு கணிப்பொறிகளில் இயங்கும் இரு நிரல்கள் ஒரே கோப்பைக் கையாளும்போது இத்தேவை எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு நிறைவு செய்யப்படுகின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

கோப்புகளைக் கணிப்பொறிகளிடையே அனுப்பும் எஃப்.டி.பி. நெறிமுறையை 1971ஆம் ஆண்டில் முதன்முதலாக வகுத்தளித்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்னும் இந்தியர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 1985இல் அந்நெறிமுறை திருத்தி வெளியிடப்பெற்றது. கோப்பு சென்று சேர்ந்ததை அது அனுப்பியவர்க்குத் தெரிவிக்கும். மறுமுனையில் காத்திருக்கும் நிரலுக்குத் தெரிவிப்பதில்லை. சிக்கல் இங்குதான் தோன்றுகின்றது.

சிக்கலின் இயல்பு

1,200 மாணவர்க்குரிய உதவித்தொகைப் பட்டியலைக் கல்லூரி அலுவலகக் கணிப்பொறி வங்கிக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றது எனக் கொள்வோம். 700 வரிகள் வந்த நிலையிலேயே வங்கியின் நிரல் கோப்பைத் திறந்துவிட்டால், அதனை 700 பெயர்கள் கொண்ட நிறைவான பட்டியலாகவே அது கருதும். எஞ்சிய 500 பேர்க்குத் தொகை கிட்டாது. பிழைச் செய்தியும் தோன்றாது.

கோப்பின் அளவு ஐந்து நிமிடம் மாறாதிருந்தால் முழுமையாக வந்துவிட்டது எனக் கொள்ளலாம் என்பர் சிலர். இணைப்பு இடையில் அறுந்தாலும் அளவு மாறாதன்றோ? ஆதலின் இஃது ஊகமேயன்றி உறுதியன்று.

தீர்க்கும் முறைகள்

முதலாவது, பெயர் மாற்றம். கோப்பைத் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதும் சேர்ந்தபின் உரிய பெயரைச் சூட்டுதல் வேண்டும். பெறும் நிரல் உரிய பெயரையே தேடும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில், ஒரே கோப்பமைப்புக்குள் பெயர் மாற்றுவது இடைநிலை இல்லாத ஒரே செயலாக நிகழ்வதால், அரைகுறைக் கோப்பு கண்ணிற் படாது.

இரண்டாவது, நிறைவுக் கோப்பு. பெருங்கோப்பு சேர்ந்த பின்னர், அதன் நிறைவை அறிவிக்கச் சிறுகோப்பு ஒன்றை அனுப்புவர். பெரிய பள்ளிவாசலில் பின்வரிசையார்க்கு இமாமின் குரல் எட்டாதபோது, ஒருவர் தக்பீரை உரத்துக் கூறுவார். அதனைக் கேட்டே பின்வரிசை குனியும், நிமிரும். நிறைவுக் கோப்பின் பணியும் அத்தகையதே.

மூன்றாவது, சரிபார்ப்பு. மொத்த வரிகளையும் மொத்தத் தொகையையும் கோப்பின் இறுதி வரியில் குறித்தல் பழைய முறை. எஸ்.எச்.ஏ.-256 போன்ற கணக்கீட்டால் கோப்புக்கு ஓர் அடையாள எண் கண்டு, இருமுனையிலும் ஒப்பிடுதல் புதிய முறை.

நான்காவது, ஒப்புகை. பெற்றவர் விடையளித்தால்தான் அனுப்பியவர் கடமை முடியும். விடை வாராவிடின் கோப்பு மீண்டும் அனுப்பப்படும். அப்போது ஒரே மாணவர்க்கு இருமுறை தொகை செல்லாதிருக்க, ஒவ்வொரு கோப்புக்கும் தனி எண் இட்டு, முடித்த எண்களைப் பெறும் நிரல் பதிந்துகொள்ளல் வேண்டும்.

முடிவுரை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சிகளை அமைக்கவும் திருக்குர்ஆன் (2:282) பணிக்கின்றது. எழுத்தும் சான்றும் இணைந்தாலே உரிமை காக்கப்படும் என்பது அதனால் நாம் பெறும் பாடம். கணிப்பொறிக் கோப்பின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதரின் உரிமை உள்ளது. அஃது ஓர் அமானிதம். நிரல் எழுதக் கற்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனை உளங்கொள்வார்களாக!