நண்பர்க்கு ஓர் எளிய சிற்றுண்டி

வீட்டைப் பிரிந்து விடுதியில் வாழும் மாணாக்கர் பலர் தேர்வுக்கு அஞ்சார். அடுப்பின்முன் நிற்க அஞ்சுவர். நாமும் அவ்வாறு அஞ்சியவரே. முதன்முதல் நாம் தனியே சமைத்தது ரவை உப்புமா. நண்பர் மூவரை அழைத்திருந்தோம். பாத்திரத்திலோ எலுமிச்சங்காயளவு கட்டிகள் கிடந்தன. உடைத்தால் உள்ளே வேகாத வெண்மாவு. நண்பர் ஒன்றும் கூறாது உண்டு, நீரை மட்டும் மிகுதியாகப் பருகிச் சென்றனர். அம்மௌனம் நம்மை உறுத்தியது. சில திங்கள் வரை எவரையும் உண்ண அழைத்திலோம். கட்டி விழுவதன் காரணத்தைப் பின்னரே அறிந்தோம்.

ரவை என்பது கோதுமையை நொய்யாக உடைத்தது. அதில் மாச்சத்து மிகுதி. கொதிநீர் பட்டவுடன் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகும். ரவையை ஒருங்கே கொட்டிவிட்டால், வெளிப்புறத்து நொய்கள் நொடியிற் பசையாகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உட்புறத்துக்கு நீர் செல்ல வழியிராது. கட்டியாவது இதுவே. இதனைத் தடுக்கவே ரவையை முன்னதாகச் சிறுதீயில் வறுக்கின்றனர். வறுத்தால் ஈரம் நீங்கி, பசையாகும் விரைவு குறையும். சிறிது நெய் விட்டு வறுப்பின், நெய் ஒவ்வொரு நொய்யையும் போர்த்துப் பிரித்து வைக்கும். ரவை சிவக்க வேண்டுவதில்லை. மணம் எழுந்தாற் போதும். பசியின் அவசரத்தால், அம்மணம் எழுமுன்னரே இறக்கிவிடுவர் புதியவர் பெரும்பாலோர்.

நால்வர்க்கு 2 ஆழாக்கு ரவையும் 5 ஆழாக்கு நீரும் அளவாம். வறுத்த ரவையைத் தட்டிற் கொட்டிவிட்டு, வாணலியில் எண்ணெயைக் காய்ச்சித் தாளிக்க வேண்டும். தாளிப்பிலும் ஒரு முறை உண்டு. கடுகு வெடிக்க மிக்க சூடு வேண்டுமாதலின் அது முதலில், அடுத்து உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும், அவை பொன்னிறமானபின் பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, ஈற்றில் வெங்காயம். வெங்காயத்தில் நீர் நிறைந்திருத்தலின், அது விழுந்ததும் எண்ணெயின் சூடு தணிந்துவிடும். அதன்பின் இட்ட கடுகு வெடியாது. பருப்பும் வறுபடாது பல்லில் நெருடும்.

வெங்காயம் வதங்கியதும் நீரையும் உப்பையும் சேர்த்துக் கொதிக்க விடுக. அந்நீரில் ஒரு துளி சுவைத்துப் பார்த்தல் நலம். உப்பு ஒரு சிறிது மிகுந்து தோன்றினால் ரவை சேர்ந்தபின் சரியாயிருக்கும். நீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையை மெல்லச் சொரிந்துகொண்டே மறு கையாற் கிளற வேண்டும். இவ்விடத்தில் நண்பரொருவரைத் துணைக்கு அழைத்தலில் இழுக்கொன்றும் இல்லை. பின்னர் மூடிச் சிறுதீயில் நான்கு நிமிடம் வைத்து இறக்குக. அந்த நண்பர் மூவரையும் நாம் மீண்டும் அழைத்தபோது, அவருள் ஒருவர் கரண்டியால் நெடுநேரம் துழாவிக் கட்டி தேடினார். ஒன்று அகப்பட்டது, சிறியதுதான்.

உப்புமாவைச் சூட்டோடு உண்ண வேண்டும். ஆறினால் மாச்சத்து இறுகிக் கெட்டிப்பட்டுவிடும். ஆகவே, நண்பருடன் வெளியிடம் செல்லும் நாளுக்கு எலுமிச்சஞ்சோறே ஏற்றது. சோற்றைத் தட்டிற் பரப்பி, நல்லெண்ணெய் சிறிது தெளித்து ஆறவிட்டால் பருக்கைகள் ஒட்டா. மஞ்சட்பொடியைத் தாளித்த எண்ணெயிலேயே இட வேண்டும். அதன் நிறம் எண்ணெயிற் கரையும், நீரிற் கரைவது அரிது. எலுமிச்சஞ்சாற்றை மட்டும் வாணலியை இறக்கியபின்னரே பிழிக. அடுப்பிற் கொதித்தால் மணம் போய்க் கசப்புத் தட்டும். 2 ஆழாக்கு அரிசிக்கு நடுத்தரப் பழம் இரண்டு போதும். உண்ணுங்கால் வெள்ளாடையில் மஞ்சள் பட்டுவிட்டால், சவர்க்காரம் இட்டதும் கறை செந்நிறமாகக் கண்டு திடுக்கிட வேண்டா. காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு. அலசி வெயிலில் உலர்த்த, அது மெல்ல மெல்ல வெளுத்துவிடும்.