வால்நட்சத்திரத்தின் நீராவியைக் கண்ட மிக்சர்

2014 ஜூன் மாதம். 67பி வால்நட்சத்திரம் நொடிக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் நீரை ஆவியாக விடுவதை, 3,50,000 கிலோமீட்டர் தொலைவிலேயே ரொசெட்டா விண்கலத்தின் ‘மைரோ’ கருவி கண்டுகொண்டது. இரண்டு சின்ன டம்ளர் தண்ணீர்தான் அது!

நீர் மூலக்கூறு தன் சுழற்சி நிலையை மாற்றும்போது 557 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையை விடுகிறது. வானொலிப் பெட்டியில் ஆன்டெனாவை அடுத்து ஆம்ப்ளிஃபயர் இருக்கும். மைரோ உருவான காலத்தில் இந்த அதிர்வெண்ணுக்கு அப்படி ஒன்று கிடையாது. அதனால் வானத்து அலை நேராக மிக்சருக்குள் நுழைந்தது. அங்கே இழந்த சமிக்ஞையைப் பிறகு எந்தச் சுற்றாலும் மீட்க முடியாது. கருவியின் கூர்மை பெரும்பாலும் மிக்சரைச் சார்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

மிக்சரின் வேலை எளிமையானது. வந்த அலையையும் கருவியே உண்டாக்கும் அலையையும் ஒரு டயோடில் சேர்த்தால், இரண்டின் வித்தியாச அதிர்வெண்ணில் புதிய அலை பிறக்கும். சில கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்ட அதைச் சாதாரண ஆம்ப்ளிஃபயரே பெருக்கிவிடும். ஆனால் 560 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் போதிய திறனோடு அலை உண்டாக்குவது பெரும்பாடு. அதற்கொரு அழகான வழி உண்டு. இரண்டு டயோடுகளை எதிரெதிர்த் திசையில் இணைத்தால், அலையின் மேல்பாதியில் ஒன்றும் கீழ்பாதியில் மற்றொன்றும் கடத்தும். ஒரு சுற்றுக்கு இருமுறை வேலை நடப்பதால் பாதி அதிர்வெண்ணே போதும். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் ஒரே சில்லில் அருகருகே உருவாக்குகிறார்கள்.

மிக்சரில் உள்ள டயோடு ‘ஷாட்கி டயோடு’ என்னும் வகை. அது காலியம் ஆர்செனைடின் மீது உலோகம் தொடும் ஒரு புள்ளி. தொடும் இடமே மின்தேக்கியாகவும் நடந்துகொள்வதால், உயர் அதிர்வெண்ணில் சமிக்ஞை அதன் வழியே நழுவிவிடும். ஆகவே புள்ளியை ஒரு மைக்ரான் அளவுக்குச் சுருக்குகிறார்கள். சுருக்கினால் மின்தடை ஏறுகிறது! வடிவமைப்பாளரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த இழுபறியில்தான் போகிறது. முன்பு கூர்தீட்டிய மெல்லிய கம்பியை அந்தப் புள்ளிமேல் அழுத்தி வைத்தார்கள். 1980களில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், காற்றில் தொங்கும் குட்டி உலோகப் பாலத்தால் இணைப்புத் தரும் தட்டையான டயோடு உருவானது. கையால் கம்பி வைக்கும் வேலை போய், சோடி டயோடு எளிதானது. அந்தப் பாலத்தின் நீளம், சில்லின் தடிமன், அலை நுழையும் 0.4 மில்லிமீட்டர் அகலத் துளை எல்லாமே சுற்றின் உறுப்புகள். சில மைக்ரான் பிசகினால் ஒத்திசைவு வேறிடத்துக்கு நகர்ந்துவிடும்.

மீக்கடத்தி மிக்சர்களில் இரைச்சல் இன்னும் குறைவு. ஆனால் அவற்றுக்கு 4 கெல்வின் குளிர் தேவை. அத்தகைய கருவியைச் சுமந்த ஹெர்ஷல் தொலைநோக்கி, 2013 ஏப்ரலில் திரவ ஹீலியம் தீர்ந்ததும் ஓய்ந்தது. ஷாட்கி டயோடுக்கு அந்தக் குளிர் வேண்டாம். பத்தாண்டுப் பயணத்துக்குப் பிறகும் மைரோவால் வேலை செய்ய முடிந்தது.

2023 ஏப்ரலில் வியாழனை நோக்கிக் கிளம்பிய ‘ஜூஸ்’ விண்கலத்திலும் ஷாட்கி மிக்சர்களே உள்ளன. அவற்றில் ஒன்று 1,200 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. அந்த அதிர்வெண்ணுக்கு அலைத்துளையின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான்.