வாடகை போக மீதம் எவ்வளவு?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி, 'பட்ஜெட் எவ்வளவு?' என்பது. வேளச்சேரிப் பகுதியில் வீடு தேடி அலைந்தபோது என்னிடமும் அதையே கேட்டார்கள். வருமானத்தில் 30 சதவீதம் எனக் கணக்கிட்டு ஒரு தொகையைச் சொன்னேன். முன்பணம் குறித்த பேச்சு வந்ததும்தான் அந்தக் கணக்கு எத்தனை அரைகுறையானது என்பது புரிந்தது.

இந்த 30 சதவீத அளவுகோல் அமெரிக்காவிலிருந்து பரவியது. அங்கு அரசுக் குடியிருப்புகளில் வாழும் ஏழைகளின் வாடகைக்கு, அவர்கள் வருமானத்தில் 25 சதவீதம் என 1969-இல் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அரசின் செலவைக் குறைக்கும் நோக்கில் 1981-இல் அது 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மானிய வீட்டுக்கான அந்த வரம்பைத்தான், மானியமே இல்லாத நம் ஊர் வாடகைக்கும் பொருத்திப் பார்க்கிறோம்.

விகிதம் ஒன்றாக இருப்பதால் சுமையும் ஒன்றாகிவிடாது. மாதம் ரூ.1.5 லட்சம் ஈட்டும் தம்பதி ரூ.45,000 வாடகை கொடுத்தால், கையில் ரூ.1,05,000 மிஞ்சும். ரூ.30,000 ஈட்டும் குடும்பம் ரூ.9,000 கொடுத்தால் மிஞ்சுவது ரூ.21,000. இருவருக்கும் 30 சதவீதம்தான். ஆனால், சமையல் எரிவாயு உருளையின் விலை இருவருக்கும் ஒன்றே.

இத்துடன் முன்பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அந்த ரூ.90,000-ஐ இரண்டாவது குடும்பம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி மட்டும் ரூ.1,800. வாடகையின் உண்மையான பங்கு 36 சதவீதமாகிவிடுகிறது. அசலைத் திருப்புவது தனிக்கதை. வீட்டைக் காலி செய்யும்போது, வண்ணம் பூசுவதற்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. ஆனால், 'வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்' என்ற பொருள்படும் விலக்கும் அதிலேயே இருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்த உடன்பாட்டுக்குத்தான் மறுப்பார்? மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டமோ குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்றே வரம்பு கட்டுகிறது.

வரிச் சலுகையும் மேல்தட்டுக்கே போகிறது. வீட்டு வாடகைப்படிக்கான விலக்கைக் கோர மாதச் சம்பளம் வேண்டும். வரி கட்டுமளவு வருமானமும் வேண்டும். ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அதனால் ஒரு பயனுமில்லை.

வாடகை கட்டுப்படியாகிறதா என்று அரசு கணக்கெடுக்க முனைந்தால், சதவீதத்தோடு நின்றுவிடலாகாது. வாடகை, முன்பணத்துக்கான வட்டி, பராமரிப்புக் கட்டணம், வேலைக்குச் சென்றுவரும் செலவு ஆகிய அனைத்தும் போக மிஞ்சும் தொகையில் அந்தக் குடும்பம் உண்ணவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டத்தில் உள்ள அந்த விலக்கை நீக்குவதற்கோ கணக்கெடுப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நான் கடைசியில் மேடவாக்கத்தைத் தாண்டி ஒரு வீடு பிடித்தேன். வாடகை ரூ.4,000 குறைவு. அதில் பாதிக்கு மேல் பெட்ரோலுக்குப் போகிறது.