இரத்தச் சர்க்கரை குறைந்து மயங்கியவருக்கு முதற் சிகிச்சை

நீரிழிவு என்று சொன்னவுடன் இரத்தத்தில் சர்க்கரை மிகுவதே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். ஆனால் அந்நோய்க்கு மருந்து உட்கொள்வோருக்குச் சில மணி நேரத்திலேயே உயிராபத்தை விளைவிக்கக் கூடியது, அச்சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து போவதாகும். சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் உள்ள புத்தலப்பட்டு போன்ற ஊர்களில் இது எவ்வாறு நேரிடக் கூடும் என்பதை அறியப் புரட்டாசி மாதத்தை எடுத்துக் கொண்டால் போதும். அம்மாதத்துச் சனிக்கிழமைகளில் உணவை விலக்கி விரதமிருப்போர் பலர். திருமலைக்குப் பாதயாத்திரையாகச் செல்வோரும் உண்டு. அலிபிரியிலிருந்து மலையேற 3,550 படிகள் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர் ஒருவர் வழக்கமான மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, உணவை மட்டும் விலக்கிப் படியேறுவாராயின், மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கால்களின் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும். வயிற்றிலிருந்து வந்து சேருவதோ ஒன்றுமிராது.

மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. அதைச் சேமித்து வைக்கும் வசதி மூளையில் இல்லையென்றே சொல்லலாம். கணத்துக்குக் கணம் இரத்தத்திலிருந்தே பெற்றாக வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும் பசி ஆகியவை இந்நிலையில் தோன்றும். 54 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மூளையின் தொழில் தடுமாறத் தொடங்குகிறது. பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமின்றிக் கோபமும் பிடிவாதமும் உண்டாகும். இத்தகையவரைக் குடித்திருக்கிறார் என்று கருதி ஒதுங்கிச் செல்வோர் அநேகர். இதற்கும் அடுத்த நிலையில் வலிப்பும் முழு மயக்கமும் வருகின்றன. பல்லாண்டுகளாக இன்ஸுலின் ஊசி போட்டுக்கொள்வோரில் சிலருக்கும், இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்துகளை உட்கொள்வோருக்கும், முதலில் சொன்ன நடுக்கமும் படபடப்பும் தோன்றாமலே மயக்கம் வந்துவிடக் கூடும்.

இந்நிலையில் அருகிலிருப்போர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றே. நோயாளி தாமாக விழுங்கக் கூடியவரா, அல்லரா? இதைப் பொறுத்தே சிகிச்சை முழுவதும் மாறுகிறது.

விழுங்கக் கூடியவராயின் 15 கிராம் குளுக்கோஸ் தூளையாவது, மூன்று தேக்கரண்டி சர்க்கரையையாவது நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். சித்தூர்ச் சீமை கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர் பெற்றதாதலால் வேறு பொருளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெரிய நெல்லிக்காய் அளவு வெல்லத்தைப் பொடித்துக் கரைத்தால் போதுமானது. 15 நிமிஷம் கழித்துச் சோதித்துப் பார்த்து, சர்க்கரை இன்னும் 70க்குக் கீழே இருந்தால் அதே அளவை மீண்டும் தர வேண்டும். தெளிந்த பிறகு இட்லியோ கேழ்வரகுக் களியோ உண்ணச் செய்வது அவசியம். கையிலுள்ள லட்டுப் பிரசாதத்தைக் கொடுக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். வேறொன்றும் கிடைக்காத இடத்தில் அதையே கொடுக்கலாம். ஆயினும் நெய் கலந்த பண்டம் இரைப்பையில் தங்கி மெதுவாகவே ஜீரணமாவதால், அதிலுள்ள சர்க்கரை இரத்தத்தை அடையத் தாமதமாகும். மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. அகார்போஸ், வோக்லிபோஸ் என்னும் மாத்திரைகள் சர்க்கரையும் வெல்லமும் குடலில் பிரிவதைத் தடுப்பவை. அவற்றை உட்கொள்வோருக்குக் குளுக்கோஸ் தூளே ஏற்றது.

விழுங்க இயலாதவர் விஷயம் வேறு. மயங்கிக் கிடப்பவரின் வாயைத் திறந்து சர்க்கரைத் தண்ணீரை ஊற்றும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. அன்பினால் செய்வதுதான், எனினும் அந்நீர் மூச்சுக் குழாயில் இறங்கி, மூச்சை அடைத்துவிடலாம், அல்லது நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். அரைமணி நேரத்துக்கு முன் உயிரைக் காத்திருக்கக் கூடிய அதே வெல்லம் இப்பொழுது உயிருக்கு உலையாகிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 என்ற எண்ணுக்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளி மயங்கினார் என்பதற்காக இன்ஸுலின் ஊசியை எடுத்துப் போடுவது மிகக் கொடிய தவறு.

ஆஸ்பத்திரியில் செய்யப்படும் சிகிச்சை எளியது. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 25 கிராம் வரை குளுக்கோஸ் இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும். 25 சதவீதக் கரைசலாயின் 100 மில்லிலிட்டரிலும், 10 சதவீதக் கரைசலாயின் 250 மில்லிலிட்டரிலும் இவ்வளவு அடங்கியிருக்கும். சில நிமிஷங்களில் நோயாளி கண் விழித்துத் தாம் எங்கே இருக்கிறோம் என்று வினவுவதைக் காணலாம்.

ஊசிக் குழாயை இரத்தக் குழாயில் ஏற்றத் தெரிந்தவர் அருகில் இல்லாவிடில் என் செய்வது? இதற்கென உள்ள மருந்தே குளுக்ககான். இதுவும் இன்ஸுலினைப் போலக் கணையத்தில் சுரப்பதே. ஆனால் வேலை நேர் எதிரானது. இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்டுச் சிறிது காலத்துக்குள், 1923இல், அமெரிக்காவில் கிம்பால், மர்லின் என்ற இருவர் இதைக் கண்டு பெயரிட்டனர். கல்லீரலில் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரையை இது இரத்தத்துள் விடுவிக்கிறது. 1 மில்லிகிராம் மருந்தைத் தொடையின் தசையில் வீட்டாரே செலுத்தலாம். பெரும்பாலும் 10, 15 நிமிஷங்களில் நினைவு திரும்பும். பின்னர் வாந்தி வருவது இயல்பாதலால் ஒருக்களித்த நிலையிலேயே வைத்திருத்தல் நலம். மூக்கில் செலுத்தும் தூளாகவும் இது 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் நம் ஊர்களின் மருந்துக் கடைகளில் குளுக்ககான் எளிதில் கிடைப்பதில்லை. ஊசி மருந்தை 25 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநாள் வைத்திருத்தலும் ஆகாது. தவிரவும், நெடுநேரம் பட்டினி கிடந்தவரின் கல்லீரலிலும், மது அருந்தியவரின் கல்லீரலிலும் விடுவிப்பதற்குச் சர்க்கரை போதிய அளவு இருப்பதில்லை. விரத நாளில் மயங்கியவருக்கு இம்மருந்து முழுப் பயன் தராமற் போகலாம்.

நோயாளி கண் விழித்ததும் வீட்டுக்கு அழைத்துச் செல்ல உறவினர் விரைவது இயற்கை. இன்ஸுலினால் வந்த மயக்கத்தை விட மாத்திரையால் வந்த மயக்கத்தில் இவ்வவசரம் பேராபத்தாக முடியும். 1942இல் பிரான்ஸ் தேசத்து மான்ட்பெல்லியே நகரில், டைபாய்டு சுரத்துக்கென ஒரு புதிய ஸல்பா மருந்தை ஜான்போன் என்ற வைத்தியர் கொடுத்து வந்தார். நோயாளிகள் சிலருக்கு இரத்தச் சர்க்கரை வெகுவாகக் குறைந்தது. சிலர் இறந்தும் போயினர். அவ்விபத்தின் காரணத்தை லூபாத்தியேர் என்பவர் ஆராய்ந்ததிலிருந்து பிறந்தவையே இன்று வழங்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு முதலிய மாத்திரைகள். விலை குறைந்தவை, பயனுள்ளவை. எனினும் கணையத்தைத் தொடர்ந்து தூண்டுவதால், ஏற்றிய குளுக்கோஸ் செலவானதும் சர்க்கரை மீண்டும் சரியும். முதியோருக்கும் சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் மருந்து உடலை விட்டு நீங்க வெகு நேரமாகும். இத்தகையோரை 24 மணி நேரமாவது, சிலரை அதற்கு மேலும், ஆஸ்பத்திரியில் வைத்து அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள். ஆகவே ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நோயாளி உட்கொண்ட மாத்திரையின் அட்டையையும் உடன் அனுப்ப வேண்டும். அவர் கடைசியாக எப்பொழுது உண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மீண்டு வந்தவர் அடுத்த விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் சென்று, அன்றைய மாத்திரையைக் குறைப்பதா, அடியோடு நிறுத்துவதா என்று கேட்டுக்கொள்ளலாம்.