மாடியிலிருந்து மண்ணுக்கு

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. நாட்டின் சராசரியைவிட இது அதிகம். ஆனால் அதில் பெரும்பங்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. பெய்தது, நகரம் மூழ்கியது. 2019 கோடையில் அதே நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் ஊரில், பெய்யும் நாட்களில் கிடைப்பதைப் பிடித்துவைப்பதுதான் வழி. அதற்கு மிகப் பக்கத்தில் உள்ள இடம் வீட்டின் மொட்டை மாடி.

1,000 சதுர அடி மாடியில் ஆண்டு முழுக்க விழும் மழை ஏறத்தாழ 1,30,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக 80 விழுக்காடு கைக்கு வந்தாலும் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஆறு மாதத் தேவை. அவ்வளவையும் வீட்டுத் தொட்டியில் தேக்கிவைக்க இடம் இருக்காது. எனவே சம்ப் கொள்ளும் அளவைச் சேமித்து, மீதியை நிலத்துக்குள் இறக்க வேண்டும்.

2003-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய கட்டடங்கள் உட்பட எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. துணிச்சலான முடிவு, அடுத்து நல்ல மழை பெய்தபோது பல தெருக்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. ஆயினும் கெடுவுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி, ஆழமில்லாத குழியில் செங்கல் துண்டுகளைப் போட்டு மூடிய வீடுகளும் ஏராளம். சட்டத்தின் கண்ணுக்குக் குழாய் தெரியும். தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழிதான்.

குழியின் அளவை மண் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். சில அடி ஆழக் கசிவுக்குழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். இங்கே மழைநீர் இறங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நன்னீரை இறைத்துக்கொண்டே போனால் கடல்நீர் உள்ளே ஏறும். இறங்கும் மழைநீர் அதை வெளியே தள்ளி நிறுத்துகிறது. களிமண் உள்ள இடங்களில் ஆழமில்லாத குழி வெறும் குட்டையாகிக் கொசு வளர்க்கும். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி, அடியிலுள்ள மணல் வரை உறைக்கிணறு தோண்ட வேண்டும். கிண்டி, வேளச்சேரி பக்கம் சீக்கிரமே பாறை தட்டுப்படும். அங்கே பாறையின் வெடிப்புகளைத் தொடும் துளை தேவை. வீட்டில் பழைய திறந்த கிணறு இருந்தால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. அது வற்றிவிட்டது என்று குப்பை போட்டு மூடுவது பெரிய இழப்பு.

கிணற்றுக்குப் போகும் வழியில் ஒரு வடிகட்டித் தொட்டி இருக்கும். அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே ஆற்று மணல். முதல் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால், அதை வெளியே விட ஒரு திருகு வால்வு வைப்பது வழக்கம். கெடுவதெல்லாம் இங்கேதான். வேப்பஞ்சருகும் மண்ணும் சேர்ந்து மணலின் மேல் ஒரு கறுப்புப் படலமாக இறுகிவிட்டால், அடுத்த மழையில் தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு ஓடும். செப்டம்பரில் மாடியைப் பெருக்கி, மேல் மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போட்டால் ஒரு பருவமழைக்கு அது தாங்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த அரைநாள் வேலை யாருடையது என்று எழுதி வைப்பதில்லை, அதனால் நடப்பதுமில்லை.

மாடியில் மட்டுமல்ல, வீட்டைச் சுற்றி சிமென்ட் போட்ட தரையிலும் அதே மழைதான் விழுகிறது. வாசல் கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, மேலே இரும்புச் சட்டம் போட்டால், தெருவுக்கு ஓடவிருந்த தண்ணீரைப் பிடித்துவிடலாம். இதில் சேறு அதிகம், வண்டியின் எண்ணெயும் கலந்திருக்கும். ஆகவே இதைத் திறந்த கிணற்றில் விடாமல் தனிக் கசிவுக்குழிக்கே அனுப்ப வேண்டும். எந்தக் குழியானாலும் செப்டிக் டேங்கிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் தள்ளியே இருக்க வேண்டும். மண்ணுக்குள் கழிவு இறங்கிவிட்டால் அந்த வீட்டுக் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும்.